அமில மாத்திரையை நிறுத்தினாலே நெஞ்சு எரியுதே, என்ன செய்வது?

நீலவானம்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப காலமா இங்கே படிக்கிறேன், எழுதுறது இப்போதான். முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் எழுதிக் கொடுத்தப்போ, வயிறு புண்ணாகாம இருக்கணும்னு காலையில பான்டோப்ரசோல் 40 மி.கி. ஒண்ணும் சேர்த்துக் கொடுத்தாங்க. வலி மாத்திரை எப்பவோ நின்னுடுச்சு. இது மட்டும் நிக்கல, வருஷம் தாண்டிப் போயிட்டிருக்கு. சரி விட்டுடலாம்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்லயே நெஞ்சு திகுதிகுன்னு எரியுது, புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் ஏறுது. முதுகுவலி வர்றதுக்கு முன்னாடி எனக்கு வயித்துல ஒரு தொந்தரவும் கிடையாது. அதனாலதான் குழப்பம். எனக்கு அல்சர் வந்துடுச்சா? கூட வேலை பார்க்கிறவர் "இதை இப்படியே போட்டா கிட்னி போயிடும்"னு சொல்றார். மறுபடி போட்டா எரிச்சல் அடங்கிடுது. என்னதான் செய்யட்டும்?

மருந்துப்பெட்டி

நண்பரே, நான் மருந்தாளுநர். இதே கேள்வியை வேற வேற முகங்கள்ல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். "நிறுத்தினா எரியுது, போட்டா அடங்குது, அப்போ எனக்கு நோய் இருக்கு"னு நினைக்கிறது இயல்புதான். ஆனா இந்த மருந்து விஷயத்துல அந்தக் கணக்கு அப்படியே சரிவராது.

இரைப்பைச் சுவர்ல அமிலம் சுரக்கிற செல்கள் இருக்கு. அமிலத்தை வெளியே தள்றது அந்த செல்கள்ல இருக்கிற புரோட்டான் பம்ப். ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், ராபிப்ரசோல், எசோமெப்ரசோல், லான்சோப்ரசோல் எல்லாமே இந்தப் பம்பை அடைக்கிறவை. அமிலம் குறைஞ்சதும் உடம்பு கையைக் கட்டிக்கிட்டு உட்காராது. காஸ்ட்ரின்ங்கிற ஹார்மோனைக் கூட்டி, "இன்னும் சுரக்கணும்"னு அந்த செல்களைத் தூண்டிக்கிட்டே இருக்கும். மாத்திரை இருக்கிற வரைக்கும் பம்ப் அடைபட்டிருக்கிறதால நமக்கு ஒண்ணும் தெரியாது. திடீர்னு நிறுத்தினா, தூண்டுதல் அப்படியே இருக்கு, தடை மட்டும் போயிடுச்சு. சில வாரங்களுக்கு வழக்கத்தைவிட அதிகமா அமிலம் சுரக்கும்.

இது வெறும் ஊகம் இல்லை. 2009-ல டென்மார்க்ல வந்த ஒரு ஆய்வு இருக்கு. வயித்துல எந்தக் கோளாறும் இல்லாத 120 பேரை எடுத்தாங்க. பாதிப் பேருக்கு 12 வாரமும் வெறும் போலி மாத்திரை. மீதிப் பேருக்கு 8 வாரம் எசோமெப்ரசோல் 40 மி.கி., அப்புறம் 4 வாரம் போலி மாத்திரை. அந்தக் கடைசி நாலு வாரத்துல, மருந்து சாப்பிட்டு நிறுத்தினவங்கள்ல 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு மாதிரி தொந்தரவு வந்துச்சு. மத்தவங்கள்ல 15 சதவீதம். நல்லாக் கவனிங்க, இவங்க யாருமே நோயாளி இல்லை.

அதனால நிறுத்தினதும் வர்ற எரிச்சலை வச்சு மட்டும் அல்சர்னு முடிவு கட்டாதீங்க. "இல்லவே இல்லை"னும் நான் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. அதை டாக்டர்தான் பார்க்கணும். அவர்கிட்ட நீங்க கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: இந்த மாத்திரை எதுக்காக ஆரம்பிச்சது, அந்தக் காரணம் இன்னும் இருக்கா?

இயற்கைவழி

எல்லாம் கம்பெனிகள் செய்கிற வேலை. அமிலம் உடம்புக்குத் தேவை என்பதால்தான் சுரக்கிறது. அதை அடைத்து வைத்தால் எலும்பு தேயும், கிட்னி போகும், மறதி நோய் வரும். இன்றே தூக்கிப் போடுங்கள்.

செவிலி_ஓய்வு

இயற்கைவழி அவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் 1980-களின் தொடக்கத்தில் அறுவைச் சிகிச்சை வார்டில் வேலைக்குச் சேர்ந்தவள். அப்போது அல்சர் நோயாளிகளுக்கென்றே படுக்கைகள் இருந்தன. மூக்கு வழியாக இரைப்பைக்குள் குழாய் விட்டு, உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுத்து, அளந்து எழுதி வைப்போம். காப்பித்தூளைக் கரைத்தது போல வந்தால் இரத்தம் கசிந்து அமிலத்தில் கறுத்திருக்கிறது என்று பொருள். உடனே டாக்டரைக் கூப்பிடுவோம். இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பார்கள், அல்லது அமிலச் சுரப்பைத் தூண்டும் வேகஸ் நரம்பை அறுப்பார்கள். புண் ஓட்டை விழுந்து, வயிறு பலகையாக இறுகிப்போய் வந்தவர்களில் சிலர் பிழைக்கவில்லை.

அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெடிடின் மாத்திரை 1976-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதைக் கண்டுபிடித்த குழுவை நடத்திய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதை ஒரு நாளைக்குப் பல வேளை கொடுக்க வேண்டியிருந்தது. 1981-இல் ரானிடிடின் வந்தது, இரண்டு வேளை. 1988-இல் ஒமிப்ரசோல், ஒரே வேளை. அந்த வரிசையில் வார்டுகள் மாறியதைக் கண்ணால் பார்த்தவள் நான். நாள்பட்ட அல்சருக்காக நாள் குறித்துச் செய்யும் அறுவை ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. "தூக்கிப் போடுங்கள்" என்று பொதுவில் எழுதுவதற்கு முன் யோசியுங்கள். படிப்பவர்களில் இரத்தக் கசிவு வந்து மீண்டவர் யாராவது இருக்கலாம்.

கூர்நோக்கு

இரண்டு பக்கமும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பயமுறுத்தும் பட்டியலில் உள்ளவை எல்லாம் ஒரே தரத்துச் சான்று உள்ளவை அல்ல.

நீண்டகாலம் சாப்பிட்டால் சிலருக்கு வைட்டமின் பி-12 குறையும். உணவில் உள்ள பி-12 பிரிந்து வர அமிலம் வேண்டும் என்பதே காரணம். மக்னீசியம் குறைவது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-இல் எச்சரித்தது. பேதிக்கு வாங்கும் நீர்மாத்திரை சேர்த்து எடுப்பவர்களிடம் இதைக் கவனிக்க வேண்டும். குடல் தொற்று வாய்ப்பு கூடுகிறது, அமிலம் கிருமிக்கு ஒரு தடுப்பு என்பதால் அது எதிர்பார்க்கக் கூடியதே. சிறுநீரகத்தில் ஒவ்வாமை போன்ற திடீர் அழற்சி அரிதாக வரும். அது உண்மையான ஆபத்துதான்.

மறதி நோய் கதை வேறு. இந்த மருந்து சாப்பிடுபவர்களில் ஏற்கெனவே வயதானவர்களும் பல நோய் உள்ளவர்களும் அதிகம். அவர்களைப் பின்தொடர்ந்தால் எந்த நோயும் அதிகமாகத்தான் தெரியும். காம்பஸ் என்ற பெரிய சோதனையில் 17,598 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு பான்டோப்ரசோல், மறுபாதிக்குப் போலி மாத்திரை கொடுத்து ஏறக்குறைய மூன்று ஆண்டு பார்த்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டுமே: 1.4 சதவீதம், எதிர்ப்பக்கம் 1.0. எலும்பு முறிவிலோ சிறுநீரக நோயிலோ மறதியிலோ தெளிவான வேறுபாடு இல்லை. மூன்று ஆண்டு என்பது இருபது ஆண்டு அல்ல, அதையும் மறக்கக் கூடாது.

என் கருத்து: தேவையுள்ளவருக்கு இது நல்ல மருந்து. தேவையில்லாதவருக்குச் சின்ன ஆபத்தும் வீண் ஆபத்தே.

மருந்துப்பெட்டி

கூர்நோக்கு, ஒரே ஒரு திருத்தம். உடம்புல தண்ணியை வெளியேத்துற நீர்மாத்திரை பேதிக்கானது இல்லை. இரத்த அழுத்தம், கால்வீக்கம் இதுக்குக் கொடுக்கிறது. அதுவும் மக்னீசியத்தை இறக்கும், ரெண்டும் சேர்ந்தா கவனம் வேணும்ங்கிறது சரி. மத்ததெல்லாம் நானும் ஒத்துக்கிறேன்.

கூர்நோக்கு

ஆம், இரத்த அழுத்தத்துக்கான நீர்மாத்திரை என்றே இருக்க வேண்டும். நன்றி.

இரவுப்பறவை

எனக்கு நேர் எதிரான பிரச்சினை. ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, படுக்கப் போகும்போது ராபிப்ரசோல் போடுறேன். நடுராத்திரி எரிச்சல்ல எழுந்து உட்கார்றேன். 20 மி.கி. பத்தலையா?

மருந்துப்பெட்டி

அளவைக் கூட்டுறதுக்கு முன்னாடி நேரத்தைப் பாருங்க. இந்த வகை மாத்திரை சாப்பிட்டதும் இரைப்பைக்குள்ளேயே வேலை செய்றதில்லை. அமிலம் பட்டா மருந்தே கெட்டுப்போயிடும், அதனாலதான் மேல ஒரு பூச்சு போட்டிருக்காங்க. கேப்ஸ்யூலைத் திறந்தா சின்னச் சின்ன உருண்டையா இருக்குமே, ஒவ்வொரு உருண்டைக்கும் தனித்தனிப் பூச்சு. சிறுகுடலுக்குப் போய்க் கரைஞ்சு, இரத்தத்துல கலந்து, அந்த வழியாத்தான் இரைப்பைச் சுவர் செல்லுக்கு வந்து சேருது. அப்பவும் ஓடிக்கிட்டிருக்கிற பம்பை மட்டும்தான் அடைக்கும். சும்மா இருக்கிற பம்ப் தப்பிச்சுடும். பம்ப் எல்லாம் முழு வேகத்துல ஓடுறது நாம சாப்பிடும்போது. மருந்து இரத்தத்துல இருக்கிறதோ ஒண்ணு ரெண்டு மணி நேரம்தான். ரெண்டும் ஒண்ணா அமையணும்னா சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னாடி, வெறும் வயித்துல போடணும். சாப்பிட்டுட்டு, படுக்கும்போது போட்டா பெரும்பகுதி வீணாப் போகுது.

இன்னொண்ணு, முதல் மாத்திரையிலேயே முழுப் பலன் எதிர்பார்க்காதீங்க. தினமும் கொஞ்சம் கொஞ்சமா பம்புகள் அடைபட்டு, நிலையான அளவுக்கு வர மூணு முதல் அஞ்சு நாள் ஆகும். எரியும்போது மட்டும் ஒண்ணு போடுறவங்க "இது வேலை செய்யல"னு சொல்றது அதனாலதான். மாத்திரையை மென்னு, பொடிச்சுப் போட்டாலும் பூச்சு போயிடும்.

உங்களுக்கு ராத்திரிதான் தொல்லைன்னா, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி மாத்திக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. படுக்கும்போது ஃபமோடிடின்னு வேற வகை அமில மாத்திரை சேர்க்கிறதும் உண்டு. ஆனா அதைத் தினமும் தொடர்ந்தா ஒண்ணு ரெண்டு வாரத்துல வீரியம் குறைஞ்சிடும், உடம்பு பழகிக்கும். தேவைப்படுற ராத்திரி மட்டும்னா நல்லது.

இரவுப்பறவை

இதை யாருமே சொல்லல. சீட்டுல "1-0-0" மாதிரி மட்டும்தான் இருக்கும். நன்றி சார்.

மாலைமுகில்

ரானிடிடின்னு பேர் வந்ததால கேக்கிறேன். எங்க வீட்ல எல்லாருக்கும் அதுதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. அது ஏன் காணாமப் போச்சு?

கூர்நோக்கு

அதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோயைத் தூண்டக்கூடும் எனக் கருதப்படும் மாசு இருப்பது 2019-இல் தெரிந்தது. வைத்திருக்க வைத்திருக்க, அதுவும் சூடான இடத்தில் வைத்திருந்தால், மாத்திரைக்குள்ளேயே அது கூடுகிறது என்று பிறகு கண்டார்கள். 2020 ஏப்ரலில் எஃப்.டி.ஏ. எல்லா ரானிடிடினையும் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. இது ரானிடிடின், ஃபமோடிடின் அடங்கிய ஹெச்-2 வகை முழுவதற்குமான குற்றச்சாட்டு அல்ல. ஃபமோடிடினின் வேதி அமைப்பு வேறு, அதில் இந்தச் சிக்கல் காணப்படவில்லை. வீட்டில் பழைய அட்டை இருந்தால் பயன்படுத்த வேண்டாம்.

புல்வெளி

எனக்கு அல்சர் திரும்பத் திரும்ப வந்து கொண்டிருந்தது. மாத்திரை போடும் வரை ஆறும், நிறுத்திச் சில மாதத்தில் மறுபடி. "டென்ஷனைக் குறைங்க, வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்பார்கள். கடைசியில் எண்டோஸ்கோபி செய்தபோது சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்து ஹெச். பைலோரி என்ற கிருமி இருக்கிறது என்றார்கள். 14 நாள் ஆன்டிபயாடிக் கூட்டு மருந்து. அதன் பிறகு புண் வரவே இல்லை. இந்தச் சோதனையைப் பற்றி யாரும் முதலிலேயே சொல்லாதது எனக்கு இன்றும் வருத்தம்தான். அல்சர் என்று உறுதியானவர்கள் அனைவரும் இதைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள்.

செவிலி_ஓய்வு

புல்வெளி சொல்வதை அழுத்திச் சொல்கிறேன். அமிலத்தைக் குறைத்தால் புண் ஆறும்; கிருமி அங்கேயே இருந்தால் மறுபடி வரும். பெர்த் நகரத்து ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1980-களின் தொடக்கத்தில் இதைச் சொன்னபோது மருத்துவ உலகம் லேசில் ஏற்கவில்லை. அமிலத்தில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும் என்றே கேட்டார்கள். 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்த கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி, குமட்டல். எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. அல்சர் வரவில்லை, ஆனால் நல்ல இரைப்பையை அந்தக் கிருமி கெடுக்கும் என்பது உறுதியாயிற்று. 2005-இல் இருவருக்கும் நோபல்.

நோயாளிகள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. 14 நாள் மருந்தில் வாய்க்கசப்பு, பேதி, குமட்டல் என்று ஏழெட்டு நாளில் நிறுத்திவிடுவார்கள். மிஞ்சிய கிருமி அந்த ஆன்டிபயாடிக்கை எதிர்க்கப் பழகிவிடும். அடுத்த முறை அதே மருந்து பலிக்காது. கிளாரித்ரோமைசினுக்குப் பல இடங்களில் இப்படித்தான் ஆகிவிட்டது. அதனால்தான் அமில மாத்திரையோடு பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் சேர்ந்த நான்கு மருந்துக் கூட்டு இப்போது அதிகம் தரப்படுகிறது. பிஸ்மத் சாப்பிடும்போது நாக்கும் மலமும் கறுக்கும். அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம்.

பிஸ்மத்தும் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடாதவருக்கு மலம் கறுப்பாக, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால் அது இரத்தம். விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

நீலவானம்

கிருமி போயிடுச்சான்னு எப்படித் தெரியும்? எரிச்சல் நின்னா போயிடுச்சுன்னு அர்த்தமா?

மருந்துப்பெட்டி

இல்லை. மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செஞ்சுதான் உறுதிப்படுத்தணும். ஆன்டிபயாடிக் முடிஞ்சு குறைஞ்சது நாலு வாரம் கழிச்சு, பான்டோப்ரசோல் வகை மாத்திரையை ரெண்டு வாரம் நிறுத்திட்டுச் செய்யணும். இல்லைன்னா கிருமி அடங்கியிருந்து "இல்லை"னு பொய்யா முடிவு வரும். முதல் சோதனைக்கும் இதே ரெண்டு வாரக் கணக்குதான்.

தாழம்பூ

அப்பாவுக்கு 74 வயசு. இதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு, ஆஸ்பிரினும் குளோப்பிடோகிரெலும் சாப்பிடுறார். ரெண்டு வருஷம் முன்னாடி வயித்துல இரத்தக்கசிவு வந்து இரத்தம் ஏத்தினோம். இந்த இழையைப் படிச்சுட்டு "நானும் வயித்து மாத்திரையை விட்டுடுறேன்"ங்கிறார். பயமா இருக்கு, யாராவது பதில் சொல்லுங்க.

செவிலி_ஓய்வு

அம்மா, அப்பாவிடம் இன்றே சொல்லுங்கள்: அவர் நிறுத்தக் கூடாதவர்களில் ஒருவர். இரண்டு இரத்தம் உறையா மருந்துகள், வயது, முன்பு வந்த கசிவு, இந்த மூன்றும் சேர்ந்தவருக்கு இந்த மாத்திரைதான் காவல். உணவுக்குழாயில் கடுமையான புண் உள்ளவர்கள், உணவுக்குழாயின் உட்படலத்தில் பேரட் என்ற மாற்றம் உள்ளவர்கள், அமிலத்தை மிகையாகச் சுரக்கவைக்கும் கட்டி உள்ளவர்கள் இவர்களும் நிறுத்தக் கூடாது. நீலவானத்துக்குச் சொன்னது இவர்களுக்குச் சொன்னதல்ல.

மருந்துப்பெட்டி

தாழம்பூ, கூடவே அவர் எந்த மாத்திரை சாப்பிடுறார்னு பாருங்க. ஒமிப்ரசோலும் எசோமெப்ரசோலும் குளோப்பிடோகிரெல் உடம்புல வேலைசெய்யும் வடிவத்துக்கு மாறுறதைக் குறைக்கும். ரெண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்னு 2009-லேயே எச்சரிக்கை வந்திருக்கு. பான்டோப்ரசோல்ல அந்தப் பாதிப்பு ரொம்பக் குறைவு. ஒமிப்ரசோல்னு இருந்தா நீங்களா மாத்தாதீங்க, இதய டாக்டர்கிட்ட காட்டுங்க.

வலி மாத்திரை பத்தியும் சொல்லிடுறேன். "ஊசியா போட்டுக்கிட்டா வயிறு தப்பிக்கும்"னு நிறையப் பேர் நம்புறாங்க. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி மருந்து வயித்துல படுறதால மட்டும் புண் வர்றதில்லை. இரைப்பைச் சுவரைக் காக்கிற சளிப்படலத்துக்குத் தேவையான புரோஸ்டாகிளாண்டினை அது இரத்தம் வழியாவும் குறைக்குது. ஊசியா போட்டாலும், ஆசனவாய் வழியா வச்சாலும் அதே கதைதான். அந்தப் புரோஸ்டாகிளாண்டினை ஈடுகட்ட மிசோப்ரோஸ்டால்னு ஒரு மருந்து இருக்கு. பேதி அதிகம்ங்கிறதால இதுக்காக இப்போ அதிகம் தர்றதில்லை. கர்ப்பிணிகள் வயித்துப்புண்ணுக்குன்னு அதைத் தொடவே கூடாது, கரு கலைஞ்சிடும்.

மாலைமுகில்

டாம்பெரிடோன் சேர்ந்த கேப்ஸ்யூலும் சாதா மாத்திரையும் ஒண்ணுதானா?

மருந்துப்பெட்டி

இல்லவே இல்லை. டாம்பெரிடோன் குமட்டல், வாந்திக்கு உள்ளது, அமிலத்தை ஒண்ணும் செய்யாது. சிலருக்கு இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும்ங்கிறதால ஐரோப்பிய மருந்து முகமை 2014-லேயே குறைஞ்ச அளவுல, பொதுவா ஒரு வாரத்துக்கு மேல வேண்டாம்னு சொல்லிடுச்சு. அதை "கேஸ் மாத்திரை"ன்னு மாசக்கணக்குல சாப்பிடுறவங்களைப் பார்க்கும்போது மனசு கேக்கிறதில்லை. அட்டையைத் திருப்பி, உள்ளே என்னென்ன மருந்துன்னு படிங்க.

நீலவானம்

டாக்டரைப் பார்த்துட்டு வந்தேன். எதுக்காக ஆரம்பிச்சதுன்னு கேட்டதும், பழைய சீட்டைப் பார்த்து, வலி மாத்திரை நின்னப்பவே இதையும் நிறுத்தியிருக்கலாம்னு அவரே சொன்னார். எடை குறையல, விழுங்கறதுல சிரமம் இல்லை, இரத்தசோகை இல்லைன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, எண்டோஸ்கோபி இப்போ வேண்டாம்னுட்டார். 40-ஐ 20 ஆக்கி, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் நிறுத்தம். நடுவுல எரிஞ்சா ஆல்ஜினேட் திரவம், அதுக்கும் அடங்கலைன்னா ஃபமோடிடின். எரிச்சல் சில வாரம் இருக்கும், தாங்கிக்கோங்கன்னார். ரெண்டு மாசத்துக்கு மேலயும் விடலைன்னா மறுபடி வரச் சொல்லியிருக்கார்.

கூர்நோக்கு

நல்லது. ஒரேயடியாக நிறுத்துவது, படிப்படியாகக் குறைப்பது இரண்டுமே ஏற்கப்பட்ட வழிகள்தான். எரிச்சலை எதிர்பார்த்து இருப்பவருக்கு எந்த வழியும் எளிது.

ஆற்றங்கரை

தாமதமாக வருகிறேன். தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், சுக்ரால்ஃபேட் சிரப்பும் வெறும் வயிற்றில், பான்டோப்ரசோலும் வெறும் வயிற்றில் என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றையும் ஒன்றாகக் குடித்துவிடலாமா? நடுவில் அலுமினியம், மக்னீசியம் கலந்த ஆன்டாசிட்டும் குடிக்கிறேன்.

மருந்துப்பெட்டி

ஒண்ணா வேண்டாம். சுக்ரால்ஃபேட் புண் மேல பிசின் மாதிரி ஒட்டி மூடுற மருந்து. கூட வர்ற மருந்தையும் பிடிச்சு வச்சுக்கும். தைராய்டு மாத்திரை உடம்புல ஏறாது. ஆன்டாசிட்டும் அப்படித்தான். தைராய்டு மாத்திரையை விடிஞ்சதும் தண்ணியோட போடுங்க, சுக்ரால்ஃபேட்டும் ஆன்டாசிட்டும் அதுக்கு நாலு மணி நேரம் தள்ளி இருக்கட்டும். பான்டோப்ரசோல் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி. சுக்ரால்ஃபேட் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னாடியும் படுக்கும்போதும் வர்ற மாதிரி அமைக்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அமில மாத்திரை தொடர்ந்தாலே தைராய்டு மருந்து உறிஞ்சறது கொஞ்சம் குறையலாம், அதனால ஆறு எட்டு வாரத்துல டி.எஸ்.ஹெச்.ங்கிற தைராய்டு இரத்தச் சோதனை பார்த்துடுங்க. கிட்னி கோளாறு ஏதாவது இருக்கா? இருந்தா முதல்ல அதைச் சொல்லுங்க, சுக்ரால்ஃபேட்லயும் ஆன்டாசிட்லயும் அலுமினியம் இருக்கு, கிட்னி சரியில்லைன்னா அது உடம்புல தேங்கும்.

ஆற்றங்கரை

கிட்னிக்கான இரத்தச் சோதனையில் கிரியாட்டினின் 1.9 என்று போன மாதம் வந்தது, அளவுக்கு மேல்.

மருந்துப்பெட்டி

அப்போ சுக்ரால்ஃபேட், ஆன்டாசிட் ரெண்டையும் இப்போதைக்குக் குடிக்காம, நாளைக்கே சீட்டு எழுதின டாக்டருக்கு அந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்க. பான்டோப்ரசோல் தொடரணுமா, மாத்தணுமான்னும் அவரே சொல்லட்டும்.